திருமணிமுத்தாற்றில் கால் நனைக்க ஓர் இடம் உண்டா?

மரவள்ளி மகன் · ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே படித்துவிட்டு மட்டும் போகிற ஆள் நான். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

பையன் நாலாம் வகுப்பு. ‘எங்கள் ஊர் ஆறு’ என்று பள்ளியில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஆறு எங்கே பிறக்கிறது, எங்கே முடிகிறது, மக்கள் அதில் என்ன செய்கிறார்கள் என்று மூன்று கேள்வி. முதல் இரண்டையும் எப்படியோ எழுதிவிட்டான். மூன்றாவதுக்கு ‘மக்கள் குளிக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், விளையாடுகிறார்கள்’ என்று பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதினான். எழுதி முடித்துவிட்டு, “நம்ம ஆத்துல யாருப்பா குளிக்கிறாங்க? போய்ப் பார்க்கலாமா?” என்றான்.

சேலம் அம்மாப்பேட்டையில் வளர்ந்தவன் நான். பதினைந்து வருடம் சென்னையில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் திரும்பி வந்தேன். எனக்குத் தெரிந்த ஆறு ஆனந்தா பாலம்தான், அங்கேதான் அழைத்துப் போனேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். கறுப்பாக ஒரு தண்ணீர், நடுவில் ஒரு தெர்மோகோல் பெட்டி, ஓரத்தில் முட்டைக்கோஸ் இலைக் குவியல். மூக்கைப் பொத்திக்கொண்டு, “இது சாக்கடைப்பா. ஆறு எங்கே?” என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் நுழைவதற்குள் எங்காவது இந்த ஆற்றில் ஒரு குழந்தை கால் நனைக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடிவாரம் · ஞாயிறு, இரவு 10:25

கன்னங்குறிச்சியில் இருபது வருடமாக இருக்கிறேன். காலையில் சைக்கிளில் மலையடிவாரத்தைச் சுற்றுவதும் ஏரியில் பறவை பார்ப்பதும் வழக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படித்துறை கட்டி, வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆற்றை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் சேலத்தில் கிடைக்காது. நம் மலை அப்படி. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம், சேலம் 280 மீட்டர் சொச்சம். வரைபடத்தில் கோலை வைத்து அளந்தால் இரண்டுக்கும் நடுவே 15 கிலோமீட்டர்தான் இருக்கும். பேருந்து 20 கொண்டை ஊசி வளைவு போட்டு இறங்குகிற உயரத்தை ஓடைகள் நேராகக் குதித்து இறங்குகின்றன. மேலே சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை, அதன்மேல் மெல்லிய மண். பாறை தண்ணீர் குடிக்காது. வெடிப்பில் மட்டும்தான் இறங்கும். மிச்சமெல்லாம் சில மணி நேரத்தில் அடிவாரத்துக்கு வந்துவிடும்.

அடிவாரத்தில் சரிவு குறைந்ததும் உருட்டிக்கொண்டு வந்த கல்லையும் மணலையும் அங்கேயே போட்டுவிட்டு, தண்ணீரும் அந்த மணலுக்குள்ளேயே இறங்கிவிடும். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். ஓடை வெறும் கல்லாகக் கிடக்கும், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் நாலு படிக்கட்டு மூழ்கியிருக்கும். அதனால் எங்கே போகலாம் என்பதைவிட எப்போது போகலாம் என்பது முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் நல்ல மழை பெய்து நின்ற மூன்றாம் நாள், நாலாம் நாள் சரியாக இருக்கும்.

இன்னொன்று. மலையிலிருந்து ஒரே பாய்ச்சலில் வருகிற தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் ஏரிகளை வெட்டினார்கள். கன்னங்குறிச்சிப் புது ஏரி நிரம்பினால் மூக்கனேரிக்கு வரும். மூக்கனேரி கோடி போனால், அதாவது நிரம்பி வழிந்தால், ஊருக்குள் ஓடைகளில் இறங்கி ஆற்றில் சேரும். ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றால் பையனை முதலில் மூக்கனேரிக் கரையில் நிறுத்துங்கள். 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர் வாரி, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத்திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில் நீர்க்காகமும் கொக்கும் அடைகின்றன. கால் நனைக்க அது தோதான இடம் இல்லை, கரையோரம் சேறு. பார்க்க நல்ல இடம்.

ஓமலூரான் · ஞாயிறு, இரவு 11:02

ஏரியைக் காட்டி ஆறு என்றால் வாத்தியார் மார்க் போடுவாரா?

சரபங்காவுக்கு வாங்க. அதுவும் அதே ஏற்காட்டு மலையில், அதாவது சேர்வராயன் மலையில் பிறந்த பிள்ளைதான். கிழக்கே ஒரு கிளை, மேற்கே ஒரு கிளை, இரண்டும் எங்கள் ஓமலூரில் கூடுகின்றன. அப்புறம் எடப்பாடி வழியாகப் போய்த் தேவூர் பக்கம் காவிரியில் கலக்கும். டேனிஷ்பேட்டை ஏரி நிரம்பிய வருடம் அந்தப் பக்கம் வந்து பாருங்க, மலை அப்படியே தண்ணீரில் தெரியும். பெயருக்கு ஒரு கதையும் உண்டு, சரபங்க முனிவர் தவம் செய்த இடம் என்பார்கள். ஓமலூர்க் கோட்டைச் சுவரை ஒட்டி ஆறு போவதை உங்க பையன் படம் வரையலாம். சேலத்து ஆற்றை வரைந்தால் கறுப்பு கிரேயான் தீர்ந்துவிடும்.

மரவள்ளி மகன் · திங்கள், காலை 7:10

கிரேயான் விஷயம் உண்மைதான் அண்ணா. ஆனால் சரபங்காவில் இப்போது தண்ணீர் இருக்கிறதா?

ஓமலூரான் · திங்கள், காலை 7:31

...இல்லை. தரைப்பாலத்துக்குக் கீழே பசங்க கிரிக்கெட் ஆடுகிறார்கள். அதையும் விளையாட்டு என்று எழுதலாமே!

கணவாய்க் காற்று · திங்கள், காலை 9:15

பையன் ‘எங்கே பிறக்கிறது’ என்ற கேள்விக்கு என்ன எழுதினான் என்று சொல்லவில்லையே. ‘ஏற்காடு ஏரி’ என்று எழுதியிருந்தால் அழித்துவிடச் சொல்லுங்கள். திருமணிமுத்தாறு மஞ்சவாடியில் பிறக்கிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்வது. சேலத்திலிருந்து அரூர் போகிற சாலையில் இருக்கிற கணவாய் அது. அங்கிருந்து தென்மேற்கே இறங்கி வருகிற ஓடையோடு சேர்வராயன் தென்சரிவு ஓடைகளும் வந்து சேர்கின்றன.

அந்தக் கணவாயில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் அப்பா எனக்குக் காட்டியது. கணவாய் உச்சியில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரைத் தெற்கே ஊற்றினால் அது திருமணிமுத்தாறாகிக் காவிரியில் சேரும். வடக்கே ஊற்றினால் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் போய்த் தென்பெண்ணையில் சேரும். ஏற்காட்டு மலையின் வடபக்கத்துத் தண்ணீர் வாணியாறாக இறங்கி, வெங்கடசமுத்திரத்தில் அணையில் நின்று, அதுவும் தென்பெண்ணைக்கே போகிறது. இன்னும் கிழக்கே வாழப்பாடியைத் தாண்டினால் வசிஷ்ட நதி. ஆனைமடுவு அணைத் தண்ணீர் அதில்தான் இறங்கும். அது வெள்ளாற்றில் போய்ச் சேரும். ஆக, ஒரே மேகம் இந்த மலைகளைக் கடந்து போகும்போது கொட்டுகிற மழை மூன்றாகப் பிரிந்து பூம்புகாரிலும் கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் கடலைப் பார்க்கிறது. நாலாம் வகுப்புக்கு இது பிடிக்கும். ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு போங்கள். கணவாயில் லாரிகள் வேகமாக வரும், வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்.

அடிவாரம் · திங்கள், காலை 9:48

கணவாய் அண்ணன் சொல்வது சரி, மூலம் மஞ்சவாடிதான். ஆனால் ஊருக்குள் வெள்ளம் வருகிற நாளில் தண்ணீர் முக்கால்வாசி ஏற்காட்டுத் தென்சரிவிலிருந்து வருகிறது என்பது என் அனுபவம். கன்னங்குறிச்சிக்காரனுக்கு மூலம் கண்ணெதிரே தெரிகிற மலைதான்!

கணவாய்க் காற்று · திங்கள், காலை 10:05

உங்கள் வீட்டு வாசலில் வருவதை மட்டும் ஆறு என்பீர்கள். சரி, விட்டுவிடுவோம்.

குகைத்தெரு · திங்கள், மதியம் 2:20

தம்பி, எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பேரன் தட்டச்சு செய்து தருகிறான்.

சேலத்தில் குகை என்ற பகுதியில் எங்கள் வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இரண்டு சந்துதான். 1962, 63 வாக்கில் எனக்கு எட்டு வயது. சித்திரை மாதம் ஆற்றில் ஓட்டம் நின்றுவிடும், வெறும் மணல். காலையில் அம்மா பித்தளைக் குடமும் ஒரு கொட்டாங்குச்சியும் எடுத்துக்கொண்டு இறங்குவாள். மணலை முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று. முதலில் கலங்கலாக வரும், அதை வாரி வெளியே ஊற்றிவிட வேண்டும். மறுபடி ஊறுகிற வரை காத்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊற்றின் ஓரம் சரியாமல் இரண்டு கையாலும் மணலைப் பிடித்துக்கொள்வேன். தெளிந்ததும் கொட்டாங்குச்சியால் மெல்ல மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவாள். ஒரு குடத்துக்கு அரை மணி நேரம் ஆகும். அந்தத் தண்ணீரில்தான் சோறு ஆக்கினோம்.

ஐப்பசியில் ஆறு வரும்போது முதுகில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்காய்க் குடுக்கை) கட்டி எங்களைத் தள்ளிவிடுவார்கள். நீச்சல் அப்படித்தான் வந்தது. ஆழமாக இருக்கிற இடத்தைப் பெரிய பசங்க வைத்துக்கொள்வார்கள், எங்களுக்குத் தொடை அளவுத் தண்ணீர். நெசவாளர் வீட்டுப் பெண்கள் நூல் அலசுவதும் அங்கேயேதான். அப்போதே கொஞ்சம் சாயம் கலந்தது. சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு கோடாகப் போகும், எங்களுக்கு அது வேடிக்கை. அந்தச் சாயம் பின்னாளில் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? என் வீட்டிலும் தறி ஓடியது. ஆகவே அடுத்தவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஒன்று செய்யுங்கள். பையனை உத்தமசோழபுரம் அழைத்துப் போங்கள், கரபுரநாதர் கோயில் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. பாரி மகளிர் அங்கவை, சங்கவைக்கு ஔவையார் கல்யாணம் செய்துவைத்த ஊர் என்று சொல்வார்கள். சேலத்துச் சுகவனேஸ்வரர், இந்தக் கரபுரநாதர், பில்லூர் வீரட்டேஸ்வரர், மாவுரெட்டி பீமேஸ்வரர், நஞ்சை இடையாறு திருவேலிநாதர் என்று இந்த ஒரு ஆற்றின் கரையில் ஐந்து சிவன் கோயில். சிவராத்திரிக்கு ஐந்தையும் ஒரே நாளில் பார்க்கிறவர்கள் உண்டு. நானும் சைக்கிளில் போயிருக்கிறேன். ஆறு முடிகிற இடம் வரைக்கும் வழி தெரியாமல் போகாது, ஒவ்வொரு கோயிலாகக் கேட்டுக்கொண்டே போய்விடலாம்.

ஆற்றுக்கு ஏன் மணி, முத்து என்று பெயர் என்றால், இதில் முத்து கிடைத்தது, மதுரை மீனாட்சி மூக்குத்திக்கு இங்கிருந்துதான் போனது என்பார்கள். நாங்கள் எவ்வளவோ மணல் தோண்டினோம். நத்தை ஓடுதான் கிடைத்தது.

மரவள்ளி மகன் · திங்கள், இரவு 8:50

ஐயா, கொட்டாங்குச்சி விஷயத்தைப் பையனுக்குப் படித்துக் காட்டினேன். “ஆத்துத் தண்ணில சோறா?” என்று இரண்டு தடவை கேட்டான். அம்மாவிடம் போய்ச் சரிபார்த்தான். “எங்க ஊட்டுலயும் அப்படித்தான்டா” என்றார்கள். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

வெண்ணந்தூர் அக்கா · செவ்வாய், காலை 6:15

எல்லாரும் மேலிருந்து பேசுகிறீர்கள், நான் கீழே இருந்து பேசுகிறேன். நீங்கள் கழித்து அனுப்புவது எங்களுக்குத்தான் வருகிறது.

மழை பெய்து ஆற்றில் தண்ணீர் கூடினால் இங்கே முதலில் நுரை வரும். மதியம்பட்டிப் பக்கம் பாலத்தில் நின்று பார்த்தால் வெள்ளை வெளேரென்று பஞ்சுப் பொதி மாதிரி மிதந்து வரும். தண்ணீர் எங்கே உயரத்திலிருந்து விழுகிறதோ அங்கே கடைந்த மோர் போல எழும்பும். காற்றடித்தால் பறந்து வயலில் போய் உட்காரும். சின்னப் பசங்க பனி என்று நினைத்து ஓடுவார்கள், நாம் பின்னாலேயே ஓட வேண்டும். சோப்புத் தண்ணீரும் சாயக் கழிவும் கோடையெல்லாம் சாக்கடையில் தேங்கிக் கிடக்கும். முதல் வெள்ளம் அத்தனையையும் அடித்துக்கொண்டு வரும். அந்த முதல் வெள்ளத்தைக் கிணற்றுக்குப் பக்கத்தில் விடவே எனக்குப் பயம். இரண்டாவது, மூன்றாவது வெள்ளம் பரவாயில்லை.

எங்கள் மாமனார் சொல்வார், ஆடு குடிக்கத் தயங்கினால் அன்றைக்கு ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சாதே என்று. ஆடு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அதைவிட நல்ல பரிசோதனைச் சாலை எங்களுக்குத் தெரியாது.

தம்பி, உங்கள் மகனை ஆட்டையாம்பட்டிக்குக் கீழே எங்கேயும் ஆற்றில் இறக்காதீர்கள். முறுக்கு வாங்கிக்கொண்டு திரும்பிப் போங்கள்.

ஏற்காட்டுக் காப்பி · செவ்வாய், காலை 11:40

மேலே எஸ்டேட்டில் வேலை. ஓடையில் கால் நனைப்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் சென்னையிலிருந்து சித்தி குடும்பம் வந்தது. அடிவாரத்தில் ஒரு ஓடை. கணுக்கால் அளவுத் தண்ணீர், கண்ணாடி மாதிரி. நடுவில் ஒரு பெரிய பாறை. அதன்மேல் ஜமக்காளம் விரித்து, புளிசாதம் வைத்திருந்த குக்கரைத் திறந்து உட்கார்ந்தாயிற்று. தலைக்கு மேல் நல்ல வெயில். மேலே மலை முகட்டில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. நான் மலைக்காரன், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாப்பாட்டு மும்முரத்தில் விட்டுவிட்டேன்.

முதலில் தண்ணீரில் காய்ந்த சில்வர் ஓக் இலைகள் ஒன்றிரண்டு வந்தன. அப்புறம் தண்ணீர் லேசாக டீ கலருக்கு மாறியது. மண் வாசம் அடித்தது. மேலே எங்கோ லாரி வருகிற மாதிரி ஒரு சத்தம். அங்கே சாலையே கிடையாது. “எந்திரிங்க” என்று கத்தி, சித்தி பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு கரை ஏறினேன். சித்தப்பா ஜமக்காளத்தை மடிக்கப் பார்த்தார். அவரைச் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை ஐந்து நிமிடத்தில் தெரியவில்லை. குக்கர் போயிற்று, அவருடைய ஒற்றைச் செருப்பும் போயிற்று. இன்று வரைக்கும் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் அந்தக் குக்கரைக் கேட்கிறார்.

ஆகவே: இலை வந்தால், நிறம் மாறினால், சத்தம் கேட்டால் பொருளைப் பார்க்காமல் ஏறிவிடுங்கள். நாம் நிற்கிற கரையில் மழை பெய்கிறதா என்பது முக்கியமில்லை, மலை முகட்டைத்தான் பார்க்க வேண்டும். காப்பித் தோட்டத்து நிழல் மரங்கள் கொஞ்சம் வேகத்தைத் தணிக்கும். ஆனால் பெருமழையில் அதெல்லாம் தாங்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுச் சாலையே மண்சரிந்து அடைபட்டதை எல்லோரும் பார்த்தீர்கள்.

கிளியூர் அருவி பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூரில் 300 அடி விழுகிறது. ஏரி வழியாவிட்டால் பாறையில் ஈரம் மட்டும்தான் இருக்கும். வழிந்தால் பாறை வழுக்கும். படி இறங்குவது சுலபம், நாலாம் வகுப்பைத் தோளில் சுமந்துகொண்டு ஏறி வருவது உங்கள் பாடு.

ஓமலூரான் · செவ்வாய், மதியம் 12:10

அந்தக் குக்கர் இந்நேரம் காவிரியில் சேர்ந்து பூம்புகார் போயிருக்கும். கணவாய் அண்ணன் கணக்குப்படி.

நான் முன்னாடி கிண்டலாக எழுதினேன், இப்போது நிஜமாகவே ஒரு விஷயம். எங்கள் சரபங்கா வறண்டு கிடப்பதைப் பார்த்துத்தான் மேட்டூர் அணையின் உபரித் தண்ணீரை ஏற்றி 100 ஏரிகளை நிரப்புகிற திட்டம் வந்தது, 565 கோடி ரூபாய். 2021 பிப்ரவரியில் முதல் கட்டம் தொடங்கியது. யோசித்துப் பாருங்கள், சரபங்கா காவிரிக்குத் தண்ணீர் கொண்டு போய்க் கொடுக்கிற ஆறு. இப்போது காவிரித் தண்ணீரைக் குழாயில் ஏற்றிச் சரபங்கா ஏரிகளுக்குக் கொடுக்கிறோம். பிள்ளை சம்பாதித்து அப்பனுக்கு அனுப்பிய காலம் போய், அப்பன் பிள்ளைக்கு மணியார்டர் போடுகிறான்.

மட்டுறுத்துநர் · செவ்வாய், மாலை 4:00

இந்தத் திட்டத்தை யார் கொண்டுவந்தார்கள், யார் பெயர் வாங்கினார்கள் என்று நடந்த சண்டையில் ஏழு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை ஒரு பையனின் வீட்டுப்பாடத்துக்காகத் தொடங்கியது. நினைவிருக்கட்டும்.

அடிவாரம் · செவ்வாய், மாலை 5:25

படகு, நீச்சல் என்று வேண்டுமானால் பூலாம்பட்டி போகலாம். காவிரியில் கதவணைத் தண்ணீர் கடல் மாதிரி நிற்கும், நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு உண்டு. ஆடிப் பதினெட்டுக்குச் சேலத்துச் சனமெல்லாம் மேட்டூருக்கும் கல்வடங்கத்துக்கும் போய்த்தானே தலை முழுகுகிறோம்? சாமி ஆயுதத்தைக் கழுவக்கூட அங்கேதான் எடுத்துப் போகிறோம். சுகவனேஸ்வரருக்குப் பக்கத்திலேயே ஓர் ஆறு ஓடுகிறது.

ஆனால் பையன் கேட்டது நம் ஆறு. இன்று விடிகாலை மலையில் நல்ல மழை. குப்பனூர் சாலைப் பக்கம் அடிவார ஓடைகளில் தண்ணீர் வந்துவிட்டது என்று பால்காரர் சொன்னார். இப்போது கலங்கலாக இருக்கும். மறுபடி மழை இல்லை என்றால் வெள்ளி, சனியில் தெளியும். ஞாயிறு காலை 8 மணிக்குள் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல்தான் மலையில் மேகம் கூடும்.

மரவள்ளி மகன் · ஞாயிறு, இரவு 8:30

போய்வந்தோம்!

முதலில் மூக்கனேரி, காலை ஆறரை. பையனுக்கு முக்குளிப்பான் பிடித்துப்போயிற்று. அது முங்கும்போதெல்லாம் எண்ண ஆரம்பித்தான். அதிகபட்சம் பதினாலு எண்ணினான். பதினைந்து வந்தால்தான் கிளம்புவேன் என்று அடம். கடைசியில் ஒரு நீர்க்காகம் திட்டின்மேல் ஏறி இறக்கையை விரித்துக் காயவைத்தது, அதைப் பார்த்துச் சமாதானமாகிவிட்டான். கரையோரம் ஒரு பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். வாளிக்குள் நாலு ஜிலேபிக் கெண்டை. மூன்றாவது கேள்விக்கு முதல் சாட்சி கிடைத்துவிட்டது.

அப்புறம் குப்பனூர்ப் பக்கம். சாலையோரத்துத் தரைப்பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடைக்குள் நடந்தோம். அடிவாரம் அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது. தண்ணீர் தெளிந்து, கீழே கிடக்கிற வெங்கச்சங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். “ஐயோ சில்லுன்னு இருக்கு” என்று கத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்திருக்கிறான், எனக்குத் தெரியவே தெரியாது. ஐந்து இடத்தில் ஆழம் பார்த்துக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். நடுவில் 11 சென்டிமீட்டர், ஓரத்தில் 4. ஒரு கல்லைப் புரட்டினான், கட்டைவிரல் நகம் அளவு நண்டு ஒன்று ஓடியது. அதோடு அடுத்த முக்கால் மணி நேரம் கல் புரட்டுவதிலேயே போயிற்று. புரட்டிய கல்லைத் திரும்ப அதே மாதிரி வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நான் பாறையில் உட்கார்ந்து மலை முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். குக்கர் எடுத்துப் போகவில்லை.

பத்தரை மணிக்கு முகட்டில் வெள்ளை மேகம் லேசாக இறங்கியது. கிளம்பிவிட்டோம்.

சாயங்காலம் உத்தமசோழபுரம். கோயில் நன்றாக இருந்தது. ஆற்றைப் பார்த்துவிட்டுப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது வண்டியில் பின்னாலிருந்து கேட்டான்: “காலையில நான் நின்ன தண்ணி இங்க வந்து சேர எத்தனை நாள் ஆகும்?” தெரியாது என்றேன். “வராம அங்கேயே மண்ணுக்குள்ள போயிட்டா நல்லது” என்றான்.

செயல்திட்டத்தில் ஆற்றை ஒரே கோடாக வரையவில்லை. வட்டம், நடுவில் ஒரு கோடு, மறுபடி வட்டம், மறுபடி கோடு. எல்லா வட்டமும் ஏரியாம். “இட்லித் தட்டு மாதிரி இருக்குதே” என்று என் மனைவி சொன்னதில் கோபித்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

குகைத்தெரு · ஞாயிறு, இரவு 9:15

இட்லித் தட்டு நன்றாகத்தான் இருக்கும். அப்படியே கொடுக்கச் சொல்லுங்கள். நண்டு எந்தக் கலர் என்று பேரன் கேட்கிறான்.

மரவள்ளி மகன் · ஞாயிறு, இரவு 9:22

பழுப்பு, காலில் மட்டும் கொஞ்சம் செம்மை. ஐயா, மஞ்சவாடிக்குச் சொம்போடு போவதற்கு இப்போதே நாள் கேட்கிறான். மூக்கனேரி கோடி போகிற அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வேண்டுமாம். யாராவது சொல்வீர்களா?

அடிவாரம் · திங்கள், காலை 6:50

சொல்கிறேன். இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன், இன்னும் ஒரு முழம் குறை. புது ஏரியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. ராத்திரி மலையில் இடி கேட்டது.